கல்லில் செடி கண்ட பேராசிரியர்

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் தாய்மாமன் திண்ணையில் உட்கார்ந்தபடி என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். "செடி கொடியைப் பற்றிப் படிக்கிறாய், சரி. விவசாயக் கல்லூரிக்குப் போயிருந்தால் நெல், கரும்பு என்று நாலு பேருக்கு உதவியாக இருக்கும். லக்னோ வரைக்கும் போய்ச் செத்துப்போன செடியைப் படிக்கிறாயாமே! அதுவும் கோடி வருஷத்துக்கு முன்னே செத்த செடி. அதை வைத்துக்கொண்டு என்னடா செய்யப் போகிறாய்?"

எனக்கு அன்று வாய் வரவில்லை. ஏதோ மழுப்பிவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்பொழுது நமது சங்க மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வரலாறு எழுதித் தரவேண்டும் என்று மலராசிரியர் கேட்கவே, அந்தக் கேள்வியும் அதற்குப் பதிலாக வாழ்ந்து காட்டிய ஒருவரும் சேர்ந்தே நினைவுக்கு வந்தனர். நம் பல்கலைக் கழகத்தை ஒட்டிய சாலையில் நாம் நாள்தோறும் கடந்து போகும் கட்டடம் ஒன்றில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. பேராசிரியர் பீர்பல் சாஹ்னி. நம்மில் எத்தனை பேர் அந்த வாயிலுக்குள் நுழைந்திருக்கிறோம்? நானே முதல் ஆண்டு முழுவதும் நுழையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாமாவின் கேள்வியில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊர் திருவக்கரைக்கு அருகில் இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் கல்மரங்களைப் பார்த்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டிப் போட்ட அடிமரம். கிட்டே போய்த் தட்டினால் கல். அசுரனுடைய எலும்புகள் அவை என்று ஊரில் கதை சொல்வதுண்டு. சிறுவயதில் நானும் அதை நம்பினேன். பின்னர்தான் அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் என்று தெரிந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் நம் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். அந்த மரத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு.

மரம் எப்படிக் கல்லாகிறது? புதைந்த மரத்துக்குள் மண்ணில் ஊறும் நீர் புகுகிறது. அந்த நீரில் சிலிக்கா என்னும் மணற்சத்து கரைந்திருக்கிறது. மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் அது சிறிது சிறிதாகப் படிந்து இறுகிவிடுகிறது. காற்றுப் படாமல் புதைந்திருந்தால் மரம் மக்குவதற்கு முன்னரே இது நடந்து முடிகிறது. ஆகவே மரத்தின் புறவடிவம் மட்டுமல்ல, அதன் உள்ளமைப்பும் அறைக்கு அறை அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கல்லை வைர விளிம்புள்ள வட்ட வாளால் மெல்லிய பலகையாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்போரண்டம் தூளில் தேய்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிடும். அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கிறவன், நேற்று வெட்டிய தண்டைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறான். சற்று அதிகம் தேய்த்துவிட்டாலோ, 12 கோடி ஆண்டுகள் நின்ற பொருள் ஒரு நொடியில் காணாமல் போய்விடும்! (இதை எழுதுகிறவனின் விரல்கள் அந்தப் பாவத்தை இருமுறை செய்திருக்கின்றன.)

இந்தக் கலையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்தான் சாஹ்னி.

அவர் பிறந்தது 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில். தந்தையார் ருசி ராம் சாஹ்னி லாகூரில் ரசாயனப் பேராசிரியர். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டவர். பிள்ளைகளை மலைகளுக்கு நடத்திச் செல்வது அவர் வழக்கம். பேராவுக்கு வெகு தொலைவில் இல்லாத உப்பு மலைத் தொடரில் பாறை பொறுக்குவதும், இமயத்தில் செடி சேர்ப்பதும் பீர்பலுக்குப் பிள்ளை விளையாட்டாக இருந்தன. அந்த உப்பு மலை பிறகு அவர் வாழ்வில் எப்படி வந்து குறுக்கிட்டது என்பதைக் கீழே சொல்கிறேன். லாகூர் அரசினர் கல்லூரியில் அவருக்கு வாய்த்த தாவர நூல் ஆசிரியர் சிவராம் காஷ்யப். இமயத்தை நடந்தே அளந்தவர். இப்படிப்பட்ட இருவர் கையில் வளர்ந்தவன் செடியை விட்டு வேறெங்கே போவான்?

ஆனால் தந்தையாரின் எண்ணம் வேறாக இருந்தது. மகன் சீமைக்குப் போய் ஐ.சி.எஸ். தேறி வரவேண்டும் என்று அவர் விரும்பினார். அந்நாளில் ஐ.சி.எஸ். என்றால் மாவட்டத்துக்கே ராஜா. மகனோ, தங்கள் கட்டளை என்றால் போகிறேன், என் விருப்பத்தைக் கேட்டால் தாவர ஆராய்ச்சிதான் என்று பணிவோடும் பிடிவாதத்தோடும் நின்றார். தந்தை விட்டுக்கொடுத்தார். இதைப் படித்தபோது என் மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன். ஐ.சி.எஸ். போய்விட்டது, கேள்வி போகவில்லை.

1911இல் கேம்பிரிட்ஜ் எம்மானுவேல் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் ஏ. சி. ஸூவார்டு, தொல் தாவரங்களை ஆராய்வதில் அக்காலத்தில் முன்னணியில் நின்றவர். சாஹ்னி அங்கு இருந்த ஆண்டுகளில் நடந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1912இல் தென் துருவம் சென்று திரும்பும் வழியில் காப்டன் ஸ்காட்டும் தோழர்களும் பனியில் மாண்டார்கள் அல்லவா? அவர்களுடைய கடைசிக் கூடாரத்தில் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்கள் இருந்தன. உயிர் போகும் நிலையிலும் அவர்கள் அவற்றை எறியவில்லை. அந்தக் கற்களில் இருந்த இலைப் படிவத்தைக் குளாஸாப்டெரிஸ் என்று 1914இல் இனங்கண்டு எழுதியவர் ஸூவார்டுதான். நம் ஜாரியா, ராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கங்களில் கரியோடு கரியாகக் கிடைக்கும் அதே நாக்கு வடிவ இலை! பனி மூடிய தென் துருவக் கண்டத்தில் எப்படி வந்தது? தென் ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் அதுவே கிடைப்பானேன்?

ஒரு காலத்தில் இந்த நிலங்களெல்லாம் ஒட்டியிருந்து பின்னர் விலகிப் போயின என்று வெகனர் என்னும் ஜெர்மானியர் சொன்னார். பலர் சிரித்தனர். தொல் தாவரச் சான்றுகளைக் கொண்டு அந்தக் கருத்தைத் தீவிரமாக எடுத்து ஆராய்ந்த இந்தியர் சாஹ்னி. கண்டங்கள் நகர்வதை உலகம் ஒப்புக்கொண்டது 1960களில். அதைக் காண அவர் இல்லை.

1919இல் லண்டனில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று நாடு திரும்பினார். காசியில் ஓராண்டு, லாகூரில் ஓராண்டு. 1920இல் சாவித்திரி அம்மையாரை மணந்தார். 1921இல் புதிதாகத் தோன்றிய லக்னோ பல்கலைக் கழகத்தின் தாவர நூல் துறைக்குப் பேராசிரியராக வந்தவர், இறுதி வரையில் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. கதர்தான் உடை. 1936இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பட்டங்களின் பட்டியல் இன்னும் நீளும். அது நமக்கு வேண்டாம். மனிதர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

அவருக்கு முன்னே இந்தியப் பாறைகளில் கிடைத்த செடிப் படிவங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டு அறிஞர்கள்தாம் விவரித்து வைத்தனர். இலைக்கு ஒரு பெயர், தண்டுக்கு ஒரு பெயர், விதைக்கு ஒரு பெயர். இது அவர்கள் குற்றமன்று. தொல் தாவரம் முழுசாகக் கிடைப்பதே இல்லை. காற்றில் உதிர்ந்த இலை ஓரிடம், ஆற்றில் போன கட்டை ஓரிடம் என்று சிதறித்தான் புதைகிறது. எது எதனோடு சேரும் என்று தெரியாதபோது தனித்தனிப் பெயர் வைப்பதே நேர்மை. ஆனால் பெயர்கள் பெருகுமே தவிர, செடி கண்ணுக்குத் தெரியாது. துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் ஒரு செடியை நிற்க வைப்பதே சாஹ்னி எடுத்துக்கொண்ட வேலை.

அதற்கு அவருக்கு வாய்த்த சுரங்கம், இன்று ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மஹால் குன்றுகள். எரிமலைக் குழம்பு பலமுறை வழிந்து படிந்த நாடு அது. ஒரு குழம்புக்கும் மறு குழம்புக்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில் குளங்களும் காடுகளும் தோன்றின. அடுத்த குழம்பு வந்து அவற்றை மூடிற்று. அங்கே கிடைத்த வில்லியம்ஸோனியா என்னும் மரத்தின் தண்டு, இலை, பூப்போன்ற உறுப்பு ஆகியவற்றை ஒன்று சேர்த்து 1932இல் அதன் முழு உருவத்தை வரைந்து காட்டினார். பார்த்தால் ஈந்து போலத் தோன்றும், உறவோ வேறு. அதற்கு ஆசானின் பெயரைச் சூட்டி 'ஸூவார்டியானா' என்றார்.

இதைவிடச் சுவையான கதை நிபானியா என்னும் சிற்றூரில் கிடைத்த கல்லினுடையது. அதில் விரல் பருமனுள்ள தண்டுகள் இருந்தன. குறுக்கே அறுத்துப் பார்த்தால் சாதாரண மரத்தில் இருப்பது போல ஒரே கட்டை வளையம் இல்லை. பெரும்பாலும் 5 தனித்தனிக் கட்டைகள், ஒரே பட்டைக்குள் கட்டி வைத்த விறகு போல நின்றன. ஐந்து கட்டை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெண்டாக்ஸிலான் என்று பெயரிட்டு, அதனோடு 'சாஹ்னியை' என்று ஆசிரியரின் பெயரையும் சேர்த்தார் அவர் மாணவர் பி. பி. ஸ்ரீவாஸ்தவா. அதே கல்லில் வார் போன்ற இலைகளும், முசுக்கட்டைப் பழம் போல விதைகள் நெருங்கிய கூம்புகளும் கிடந்தன. இவை ஒரே செடியினுடையவையா, அல்லது பக்கத்துப் பக்கத்துச் செடிகள் ஒரே குளத்தில் உதிர்த்தவையா?

பக்கத்தில் கிடப்பது சான்று ஆகாது. தேர்த் திருவிழா முடிந்த வீதியில் ஒரு செருப்பும் ஒரு துண்டும் கிடந்தால் இரண்டும் ஒருவருடையவை என்று சொல்லிவிட முடியுமா? உள்ளமைப்பு ஒத்துப் போகவேண்டும். இலையின் அடியில் ஓடும் நரம்புகளின் அமைப்பு, தண்டில் இலை உதிர்ந்த தழும்பின் அமைப்போடு பொருந்த வேண்டும். கூம்பின் காம்பு தண்டின் கட்டையோடு உறவு சொல்ல வேண்டும். இப்படிப் பொருத்திப் பார்த்து, இது உலகம் அறியாத ஒரு தனித் தாவரக் கூட்டம் என்று 1948இல் அவர் வெளியிட்டார். பைன், ஈந்துப் பனை போன்ற சைகஸ், வில்லியம்ஸோனியா மூன்றின் சிற்சில சாயல்களும் அதில் கலந்து தோன்றின. ஆனால் எந்தப் பழைய கூடையிலும் அது அடங்கவில்லை. ஆண் பூ மட்டும் அப்போது கிடைக்கவில்லை. 1953இல் விஷ்ணு மித்ரர் அதைக் கண்டு 'சாஹ்னியா' என்று பெயரிட்டார். ராஜ்மஹால் பாறைகளை அன்று ஜுராஸிக் காலத்தவை என்றனர். இன்று அவற்றுக்கு ஏறத்தாழ 11, 12 கோடி ஆண்டு வயது கணித்து, அடுத்த காலமான கிரிடேஷியஸில் வைக்கிறார்கள்.

அவர் சொன்னவையெல்லாம் நிலைத்தனவா? இல்லை. பெரியோர் வரலாறு எழுதும்போது இதை மறைத்துவிடுவது நம் வழக்கம். எனக்கோ அவரிடத்தில் மதிப்பு மிகுந்தது இந்த இடத்தில்தான்.

ராஜ்மஹாலில் கிடைத்த ஒரு கட்டையை 1932இல் ஹோமாக்ஸிலான் என்று விவரித்தார். பூக்கும் மரங்களின் கட்டையில் நீர் ஏறும் பெரிய குழல்கள் இருக்கும். மாக்னோலியாவை ஒத்த பழைய குடும்பங்கள் சிலவற்றில் மட்டும் அவை இல்லை. இந்தக் கல் கட்டை அவற்றைப் போலவே இருக்கிறதே, பூக்கும் தாவரங்களின் மூதாதையைத் தொட்டுவிட்டோமோ என்று அவர் எண்ணினார். 1950களில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலேயே வேலை செய்தவர்கள், அது வில்லியம்ஸோனியாவின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டிவிட்டனர். பெயரும் மாறியது. என்ன பெயர் தெரியுமா? சாஹ்னியாக்ஸிலான்! தவற்றைத் திருத்தியவர்களே தவறியவரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

உப்பு மலை வழக்கு இன்னும் பெரிது. பஞ்சாபின் உப்புப் படிவுகள் மிகப் பழைமையானவை, 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்றனர் புவியியலார் பலர். 1940களில் சாஹ்னி அந்த உப்பையும் அதனோடு சேர்ந்த பாறைகளையும் கரைத்துப் பார்த்தபோது நுண்ணிய மரத்துணுக்குகளும் பூச்சி உறுப்புகளும் கிடைத்தன. பூக்கும் மரங்களின் துணுக்கு இருந்தால் அது 50 கோடி ஆண்டு ஆவதெப்படி? சுமார் 5 கோடி ஆண்டுதான் இருக்கும் என்று அவர் வாதிட்டார். மாநாடுகள் கூடின, இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் புவியியலார் சொன்ன பழைய வயதே நின்றது. அந்தத் துணுக்குகள் பிற்காலத்தில் உள்ளே புகுந்தவையாகவே கொள்ளப்படுகின்றன. சிறுவனாக ஓடித் திரிந்த மலையே அவரை ஏமாற்றிவிட்டது. ஆயினும் பாறையைக் கரைத்து நுண் துணுக்குகளைத் தேடும் அந்த வழி வீண் போகவில்லை. அதே வழியில் அஸ்ஸாமின் பாறை அடுக்குகளில் உள்ள மகரந்தத் துகள்களையும் வித்துகளையும் கொண்டு அடுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அடையாளம் காணும் ஆராய்ச்சியை 1947இல் சகாக்களோடு வெளியிட்டார். அஸ்ஸாம் எண்ணெய் கிடைக்கும் நிலம். எந்த அடுக்கு எங்கே தொடர்கிறது என்று தெரியாமல் எண்ணெய்க்கோ நிலக்கரிக்கோ துளை போடுவது, இருட்டில் கிணறு வெட்டுவது போலத்தான். மாமா கேட்டால் இதைச் சொல்லலாம்!

நடுவே ஒரு சிறு செய்தி. 1936இல் ரோத்தக் நகருக்கருகே ஒரு மேட்டில் உடைந்த மண் வில்லைகளைக் கண்டார். பாறை பொறுக்கிப் பழகிய கண் சும்மா இருக்குமா? எடுத்துப் பார்த்தால் யௌதேயர் காலத்து நாணய வார்ப்பு அச்சுகள். துண்டுகளைச் சேர்த்து, பண்டை நாளில் நாணயம் வார்த்த முறையையே விளக்கி 1945இல் ஒரு நூல் எழுதிவிட்டார். நாணயவியல் அறிஞர்கள் அதற்குப் பதக்கம் அளித்தனர். இலையானால் என்ன, காசானால் என்ன, அவர் செய்தது ஒரே தொழில்தான்.

இனி அந்தக் கட்டடத்துக்கு வருவோம். தொல் தாவர ஆராய்ச்சி ஒரு மனிதரோடு முடிந்துவிடக் கூடாது என்று எண்ணிய கணவனும் மனைவியும் தம் சேமிப்பு, சொத்து, நூலகம், பாசில் திரட்டு எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தனர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1946 செப்டம்பரில் நிலையம் தோன்றிற்று. முதலில் நம் பல்கலைக் கழகத்துத் தாவர நூல் துறையிலேயே குடியிருந்தது. 1948இல் மாநில அரசு இடம் கொடுத்தது. அடிக்கல்லைச் சாஹ்னி தாமே செய்தார். பல நாடுகளிலிருந்தும் பல காலங்களிலிருந்தும் வந்த பாசில்களைச் சிமெண்டில் பதித்து வார்த்த கல் அது. 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு வந்து அதை நாட்டினார். நேருவுக்கும் இவருக்கும் பிறந்த நாள் ஒன்றே. நேரு இரண்டாண்டு மூத்தவர்.

ஒரு வாரம் சென்றது. ஏப்ரல் 9ஆம் நாள் இரவு மாரடைப்புக் கண்டு, 10ஆம் நாள் விடியுமுன் சாஹ்னி காலமானார். வயது 57. மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த உலகத் தாவரவியல் பேரவைக்கு அவர் தலைமை ஏற்பதாக இருந்தது. மனைவியிடம் அவர் கடைசியாகச் சொன்னது நிலையத்தைப் பேணி வளர்க்க வேண்டும் என்பதே.

அந்த நிலையத்திடம் அப்போது இருந்தது என்ன? ஒரு பழைய பங்களா, சில மாணவர்கள், பெட்டி பெட்டியாகக் கற்கள், நட்டு ஒரு வாரமான அடிக்கல். சாவித்திரி அம்மையார் விஞ்ஞானி அல்லர். ஆனால் கணவரோடு காடு மலை எல்லாம் அலைந்தவர். கட்டடத்துக்குப் பணம் திரட்டினார். அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். இங்கிலாந்திலிருந்து டாம் ஹாரிஸ் ஆலோசகராக வந்தார். நார்வே நாட்டு ஹேக் 1951இல் இயக்குநராக வந்தார். 1952இன் இறுதியில் கட்டடம் முடிந்தது. 1953 ஜனவரி 2ஆம் நாள் மீண்டும் நேருவே வந்து திறந்து வைத்தார். பின்னர் 1959 முதல் 1969 வரையில் அம்மையாரே தலைவராக இருந்து நிலையத்தை நடத்தினார். 1969இல் அது தன்னாட்சி பெற்றது. 1985இல் அம்மையார் மறைந்தார். 2015இல் நிலையத்தின் பெயர் விரிந்து, இன்று செடிகளோடு பழங்காலத் தட்பவெப்பம் முதலியவற்றையும் அங்கே ஆராய்கிறார்கள். கணவரின் சமாதி அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

சென்ற மாதம் மாமா காசி யாத்திரை முடித்து இந்தப் பக்கம் வந்தார். இமாம்பாடா பார்த்த பிறகு அவரை அங்கே அழைத்துப் போனேன். அடிக்கல்லின் முன் சற்று நேரம் குனிந்து நின்றார். பிறகு கேட்டார்: "நம்ம திருவக்கரைக் கல்லு இதிலே எங்கேடா இருக்கு?"